கூட்டு பிரைமரி கீயில் ஆட்டோ இன்கிரிமென்ட்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தில், ஒவ்வொரு கிளையின் பில்லும் 1 இல் தொடங்கி வரிசையாக எண் பெற வேண்டும் என்ற தேவை வந்ததும், கிளை என்ற நெடுவரிசையையும் பில் எண் என்ற நெடுவரிசையையும் சேர்த்து ஒரு கூட்டு பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட நெடுவரிசைகளால் ஆன கீ) அமைத்து, பில் எண்ணுக்கு ஆட்டோ இன்கிரிமென்ட் (எண்ணைத் தானாகக் கூட்டித் தரும் வசதி) கொடுத்துவிடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. பிரைமரி கீயில் இரண்டு நெடுவரிசைகள் இருப்பதை எல்லாத் தரவுத்தளங்களும் ஏற்கும்; எண்ணைத் தானாகத் தருவதையும் எல்லாம் செய்யும். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்கும்போதுதான் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது: ஒன்று பிழை காட்டி நிறுத்துகிறது, ஒன்று வேறு எண்களைத் தருகிறது, ஒன்று எண்ணே இல்லாமல் பதிவைச் சேர்த்துக்கொள்கிறது.

கீழே வரும் அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறது. ஆட்டோ இன்கிரிமென்ட் என்பது பதிவுகளுக்கு மோதாத எண்களை விரைவாகக் கொடுப்பதற்காக உருவான வசதி. கிளைவாரியாக எண்ணுவதும், நடுவில் எண் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பில் இல்லை. அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் அட்டவணையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், ஒரு பிழை போன இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும்.

அட்டவணையை உருவாக்கும்போதே பிழை 1075 வருகிறது

மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபியில் இன்னோடிபி என்ற என்ஜினைப் (தரவைச் சேமித்துக் கையாளும் உள்பகுதி) பயன்படுத்தி, பிரைமரி கீயில் கிளையை முதலிலும் பில் எண்ணை அடுத்தும் வைத்தால், ஒரே ஒரு ஆட்டோ நெடுவரிசைதான் இருக்கலாம், அதுவும் கீயாக வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற செய்தியுடன் பிழை 1075 வரும். பில் எண் ஏற்கெனவே பிரைமரி கீக்குள் இருப்பதால் இந்தச் செய்தி குழப்பத்தைத் தருகிறது. இன்னோடிபி கேட்பது வேறு: ஆட்டோ இன்கிரிமென்ட் நெடுவரிசை ஏதேனும் ஓர் இன்டெக்ஸின் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) முதல் நெடுவரிசையாக இருக்க வேண்டும், இரண்டாவதாக இருந்தால் போதாது.

இந்தப் பிழையைப் போக்க மூன்று வழிகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. பில் எண்ணுக்கெனத் தனியாக ஓர் இன்டெக்ஸ் சேர்ப்பது ஒன்று. பிரைமரி கீயில் வரிசையை மாற்றிப் பில் எண்ணை முதலில் வைப்பது இன்னொன்று. இரண்டாலும் பிழை மறையும், ஆனால் எண்கள் கிளைவாரியாக வராது. அட்டவணை முழுவதற்கும் ஒரே தொடராகத்தான் ஓடும். அடுத்த அறிகுறி அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது வழி, அட்டவணையை மைஐசாம் என்ஜினுக்கு மாற்றுவது. கூட்டு இன்டெக்ஸில் இரண்டாவதாக நிற்கும் ஆட்டோ இன்கிரிமென்ட் நெடுவரிசைக்கு, அந்தக் கிளையில் இதுவரை உள்ள பெரிய எண்ணைக் கண்டுபிடித்து ஒன்றைக் கூட்டித் தருவதை மைஐசாம் உண்மையாகவே செய்கிறது. நாம் கேட்டது அப்படியே கிடைப்பது போலத் தோன்றினாலும், புதிய அட்டவணைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைஐசாமில் டிரான்சாக்ஷன் (பல கட்டளைகளை ஒன்றாக முடிக்கும் அல்லது ஒன்றாக விலக்கும் தொகுப்பு) இல்லை. வேறு அட்டவணையின் பதிவோடு உள்ள இணைப்பைக் காக்கும் ஃபாரின் கீ இல்லை. சர்வர் திடீரென நின்றால் அட்டவணை பழுதாகும் வாய்ப்பு உண்டு. இவற்றோடு, ஒரு கிளையின் கடைசி பில்லை நீக்கிவிட்டால் அந்த எண் அடுத்த பில்லுக்கு மறுபடியும் வழங்கப்படும். வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தின் எண்ணும் புதிய பில்லின் எண்ணும் ஒன்றாகிவிடும்.

பழைய அட்டவணைகளில் இந்தப் பிழை வேறொரு வாசல் வழியாகவும் வருகிறது. மைஎஸ்க்யூஎல் 5.5 இல்தான் இன்னோடிபி இயல்பு என்ஜின் ஆனது. அதற்கு முன் மைஐசாமில் கிளைவாரியாக எண்ணிக்கொண்டிருந்த அட்டவணையை இன்று இன்னோடிபிக்கு மாற்ற முயன்றால், பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய அதே வரையறைக்கு 1075 வரும். இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து மாற்றத்தை முடித்துவிட்டால், அந்த நொடியிலிருந்து எண் தொடரின் பொருளே மாறிவிடும் என்பதைப் பயன்பாட்டை எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பிழை எதுவும் இல்லை, ஆனால் எண்கள் கிளைக்குக் கிளை தாவுகின்றன

போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் கூட்டு பிரைமரி கீயின் எந்த இடத்திலும் தானியங்கி எண்ணை ஏற்றுக்கொள்ளும், புகாரே சொல்லாது. முதல் கிளைக்கு இரண்டு பில்கள், அடுத்து இரண்டாம் கிளைக்கு இரண்டு, மீண்டும் முதல் கிளைக்கு ஒன்று என்று சேர்த்துப் பார்த்தால், முதல் கிளையில் 1, 2, 5 என்றும் இரண்டாம் கிளையில் 3, 4 என்றும் எண்கள் நிற்கும். போஸ்ட்கிரெஸில் எண்ணைத் தருவது சீக்வென்ஸ் என்ற தனிப்பொருள். அதற்கு அட்டவணையில் கிளை என்ற நெடுவரிசை இருப்பதே தெரியாது.

இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கிளைவாரி எண் உண்மையில் எங்கே தேவை என்பதுதான். திரையில் வரிசை எண்ணாகக் காட்டினால் போதும் என்றால், எதையும் சேமிக்க வேண்டாம்; ரோ நம்பர் என்ற விண்டோ ஃபங்ஷனைக் கிளைவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டால் கேட்கும்போதெல்லாம் கிடைக்கும். மைஎஸ்க்யூஎலில் இந்த வசதி 8.0 முதல் உண்டு. ஆனால் நடுவில் ஒரு பதிவு நீக்கப்பட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களும் மாறும் என்பதால், அச்சிட்டு வெளியே போகும் எண்ணுக்கு இது உதவாது. அதற்கு, ஒவ்வொரு கிளையின் கடைசி எண்ணையும் சேமித்து வைக்கும் எண்ணி அட்டவணையே வழி; அது பின்னால் டெட்லாக் பகுதியில் வருகிறது.

எஸ்க்யூலைட்டில் பில் எண் காலியாக இருக்கிறது

எஸ்க்யூலைட்டில் இன்டிஜர் வகையைச் சேர்ந்த ஒரே நெடுவரிசை மட்டும் பிரைமரி கீயாக இருந்தால்தான், மதிப்புக் கொடுக்காத இடத்தில் எண் தானாக நிரம்பும். ஆட்டோ இன்கிரிமென்ட் என்ற சொல்லையும் அங்கே மட்டுமே எழுதலாம். கிளையையும் பில் எண்ணையும் சேர்த்து பிரைமரி கீ ஆக்கிய உடனே அந்த வசதி போய்விடுகிறது. பிழை வந்தால்கூடப் பரவாயில்லை, வருவதில்லை. பில் எண்ணைக் கொடுக்காமல் 7 ஆம் கிளைக்கு மூன்று பதிவுகளைச் சேர்த்தால், பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்புடன் மூன்றும் அட்டவணைக்குள் போய்விடும். பிரைமரி கீயில் நல் வரக் கூடாது என்ற விதியை எஸ்க்யூலைட் தொடக்க காலத்தில் நடைமுறைப்படுத்தாமல் விட்டது. பழைய பயன்பாடுகள் உடைந்துவிடும் என்பதால் இன்றும் அப்படியே வைத்திருக்கிறது. ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் ஆகாது என்பதால் மோதலும் எழாது.

சரிசெய்ய, இரண்டு நெடுவரிசைகளுக்கும் நாட் நல் (NOT NULL) என்று வெளிப்படையாக எழுதுங்கள். இதனால் எண் தானாக வரத் தொடங்காது. ஆனால் தவறான பதிவு உள்ளே போகாமல் நின்றுவிடும். எண்ணை உருவாக்குவது எஸ்க்யூலைட்டில் எளிது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால், அந்தக் கிளையின் பெரிய எண்ணைத் தேடி ஒன்றைக் கூட்டுவதையும் பதிவைச் சேர்ப்பதையும் ஒரே இன்செர்ட் கட்டளைக்குள் எழுதிவிட்டால் பாதுகாப்பாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாக எழுதத்தான் வேண்டும் என்றால், டிரான்சாக்ஷனை பிகின் இமீடியட் (எழுதும் உரிமையைத் தொடக்கத்திலேயே பெறும் கட்டளை) என்று தொடங்குங்கள்.

இது எஸ்க்யூலைட்டுக்கு மட்டும் பொருந்தும் சலுகை. இதே கட்டளையை அப்படியே போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோனால் அடுத்த அறிகுறி தோன்றும்.

பரபரப்பான நேரத்தில் மட்டும் எண் மோதல் வருகிறது

மைஎஸ்க்யூஎலில் பிழை 1062. மோதிய மதிப்பை 7-42 என்பது போல இரண்டு பகுதிகளையும் ஒரு கோட்டால் இணைத்துக் காட்டும். போஸ்ட்கிரெஸில் தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்டது என்ற செய்தி. சோதனைக் கணினியில் ஒரு முறைகூட வராது. இரண்டு கவுன்ட்டர்கள் ஒரே கிளையில் ஒரே சமயத்தில் பில் போடும்போது வரும்.

பயன்பாட்டின் நிரலில், பெரிய எண்ணைக் கேட்டு ஒன்றைக் கூட்டும் வரி எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். முதல் கவுன்ட்டர் பெரிய எண்ணைக் கேட்கிறது, 41 என்று பதில் வருகிறது. அது 42 ஐச் சேர்த்துக் கமிட் செய்வதற்கு (மாற்றத்தை உறுதியாகப் பதிவதற்கு) முன்பே இரண்டாவது கவுன்ட்டரும் கேட்கிறது. அதற்கும் 41 தான் பதில், ஏனென்றால் கமிட் ஆகாத பதிவு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது. இருவரும் 42 ஐ எழுத முயல்கிறார்கள். ஒருவர் வெல்கிறார், மற்றவருக்குப் பிழை. கேட்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்கினாலும் போஸ்ட்கிரெஸில் இந்த இடைவெளி மூடாது. இரண்டாவது கட்டளை முதலாவது முடியும் வரை காத்திருந்துவிட்டு அதே மோதலில்தான் போய் முடியும்.

இந்த இடத்தில் கூட்டு பிரைமரி கீ தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிழை தொல்லையாக இருக்கிறது என்று கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பிழை போய், ஒரே எண்ணில் இரண்டு பில்கள் வந்து சேரும். அதைக் கண்டுபிடிக்கும் நாள், கணக்குத் தணிக்கை நாளாக இருக்கும். கட்டுப்பாட்டைத் தொடாதீர்கள், எண் வழங்கும் முறையை மாற்றுங்கள்.

லாக் போட்ட பிறகு டெட்லாக் வருகிறது, அதுவும் புதிய கிளையின் முதல் பில்லில்

மோதலைத் தவிர்க்கப் பெரிய எண்ணைக் கேட்கும் கட்டளையின் இறுதியில், படித்த பதிவுகளை மற்றவர் மாற்றாதபடி லாக் செய்யும் (பூட்டும்) ஃபார் அப்டேட் என்ற சொற்களைச் சேர்ப்பது வழக்கம். இன்னோடிபியில் இதற்குப் பிறகு பிழை 1213, அதாவது இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்துச் சிக்கிக்கொள்ளும் டெட்லாக், தலைகாட்டும். பில் எண் நிதியாண்டுக்கு ஒரு முறை 1 இலிருந்து தொடங்குவதாக இருந்தால், ஆண்டு முழுதும் அமைதியாக இருந்த பயன்பாடு ஏப்ரல் 1 அன்று காலை, எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் டெட்லாக்கில் விழுவதைக் காணலாம். இந்த அறிகுறியின் காரணத்தை ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

புதிய நிதியாண்டில் அந்தக் கிளைக்கு இன்னும் ஒரு பதிவும் இல்லை. இல்லாத பதிவை லாக் செய்ய முடியாது. எனவே ரிப்பீட்டபிள் ரீட் என்ற இயல்பு ஐசொலேஷன் நிலையில் (ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்ஷன்களை எவ்வளவு பிரித்து வைப்பது என்ற அமைப்பு) இன்னோடிபி, அந்தப் பதிவு வரக்கூடிய காலி இடத்தை லாக் செய்கிறது. இதற்குக் கேப் லாக் என்று பெயர். ஒரே காலி இடத்தின் மீது இருவர் கேப் லாக் வைத்திருக்க இன்னோடிபி அனுமதிக்கிறது. அது மற்றவர் புதிய பதிவு சேர்ப்பதை மட்டுமே தடுக்கும். ஆகவே முதல் கவுன்ட்டரும் இரண்டாவது கவுன்ட்டரும் தடையின்றி லாக் பெறுகிறார்கள். பிறகு முதலாமவர் 1 ஐச் சேர்க்க முயல, இரண்டாமவரின் கேப் லாக் அவரை நிறுத்துகிறது. இரண்டாமவர் சேர்க்க முயல, முதலாமவரின் கேப் லாக் இவரை நிறுத்துகிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நிலையைக் கண்ட இன்னோடிபி, ஒருவரின் டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்துவிடுகிறது, அதாவது அதன் மாற்றங்களை விலக்கிவிடுகிறது. ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ் கட்டளையின் வெளியீட்டில், கடைசி டெட்லாக் பற்றிய பகுதியில், இரண்டு டிரான்சாக்ஷன்களும் இன்செர்ட் இன்டென்ஷன் லாக்குக்காக (பதிவைச் சேர்க்கும் முன் கேட்கும் லாக்) காத்திருந்ததாகக் காட்டினால் இதுதான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம். ஐசொலேஷன் நிலையை ரீட் கமிட்டட் என்று மாற்றினால் டெட்லாக் போகும். ஆனால் இருவருக்கும் 1 கிடைத்து, பழைய 1062 திரும்பிவிடும்.

தீர்வு, லாக் செய்வதற்கென்று எப்போதும் இருக்கக்கூடிய ஒரு பதிவை வைத்திருப்பது. கிளை, நிதியாண்டு, கடைசி எண் என மூன்று நெடுவரிசைகள் கொண்ட எண்ணி அட்டவணை ஒன்றை உருவாக்கி, முதல் இரண்டையும் பிரைமரி கீ ஆக்குங்கள். பில் போடும் டிரான்சாக்ஷனுக்குள் முதலில் அந்தப் பதிவின் கடைசி எண்ணை ஒன்று கூட்டி அப்டேட் செய்து, கிடைத்த எண்ணைக் கொண்டு பில்லைச் சேர்த்து, இரண்டையும் சேர்த்துக் கமிட் செய்யுங்கள். அப்டேட் ஆன பதிவின் லாக் கமிட் வரை நீடிப்பதால், அதே கிளையின் அடுத்த கவுன்ட்டர் அதுவரை காத்திருக்கும். பிற கிளைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

மைஎஸ்க்யூஎலில் அப்டேட் செய்த எண்ணைத் திரும்பப் பெற, கூட்டிய மதிப்பை லாஸ்ட் இன்செர்ட் ஐடி ஃபங்ஷனுக்குள் வைத்து எழுதிவிட்டு, அடுத்த கட்டளையில் அதே ஃபங்ஷனை அழைத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த மதிப்பு இணைப்புக்கு இணைப்பு தனியானது என்பதால் மற்றவருடையதோடு கலக்காது. போஸ்ட்கிரெஸில் ரிட்டர்னிங் என்று எழுதினால் ஒரே கட்டளையில் கிடைத்துவிடும்.

எண்ணிப் பதிவை எப்போது உருவாக்குகிறீர்கள் என்பதிலும் கவனம் தேவை. முதல் பில் வரும்போது உருவாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், இல்லாத பதிவின் மீது ஓடும் அப்டேட்டும் கேப் லாக் எடுக்கும். மேலே கண்ட டெட்லாக் வேறு அட்டவணைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கிளையை உருவாக்கும் திரையே எண்ணிப் பதிவையும் 0 என்ற மதிப்புடன் சேர்க்கட்டும். புதிய நிதியாண்டுக்கான பதிவுகளை மார்ச் மாதத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒரே டிரான்சாக்ஷன் இரண்டு கிளைகளின் எண்ணியைத் தொட வேண்டியிருந்தால், எப்போதும் சிறிய கிளை எண்ணிலிருந்து பெரியதற்கு என்ற ஒரே வரிசையில் தொடுங்கள். எண்ணை எடுத்த பிறகு அச்சுக்கு அனுப்புவது, வெளிச் சேவையை அழைப்பது போன்ற நீண்ட வேலைகள் எதையும் கமிட்டுக்கு முன் வைக்காதீர்கள்.

நடுவில் எண்கள் விடுபடுகின்றன

41 க்குப் பின் 43 வந்திருக்கிறது. 42 ஐ யாரும் நீக்கவில்லை. ஆட்டோ இன்கிரிமென்ட்டோ சீக்வென்ஸோ கொடுத்த எண்ணை, டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனாலும் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. வாங்கிக்கொள்வதாக இருந்தால் ஒவ்வொருவரும் முந்தையவர் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே இந்த வசதி இப்படி அமைக்கப்பட்டது. மைஎஸ்க்யூஎலில் இன்செர்ட் இக்னோர் கட்டளை ஒரு பதிவையும் சேர்க்காவிட்டாலும் எண்ணைச் செலவழித்துவிடலாம். எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல், சர்வர் எதிர்பாராமல் நின்று மீண்டால் இன்ட் வகை நெடுவரிசையில் எண் ஏறத்தாழ 1000 தாவுவதைப் பலரும் பழுது என்று எண்ணுகிறார்கள். முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்திருந்த எண்கள் போய்விட்டன என்பதே அதன் பொருள். 2017 பதிப்பு முதல் ஐடென்டிட்டி கேஷ் அமைப்பை அணைத்து இதைத் தடுக்கலாம்.

உள் பயன்பாட்டுக்கான எண்ணாக இருந்தால் இடைவெளியை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அதை நிரப்ப எடுக்கும் முயற்சி வேறு பிழைகளைக் கொண்டுவரும். பில் எண்ணின் நிலை வேறு. மத்திய சரக்கு மற்றும் சேவை வரி விதிகள், 2017 இல் 46 ஆவது விதி, பில்லில் 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் வரிசை எண் இருக்க வேண்டும் என்றும், அது நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களையும் அனுமதிப்பதால் கிளைக்கொரு தொடர் வைத்துக்கொள்ளலாம். இத்தகைய எண்ணுக்கு மேலே சொன்ன எண்ணி அட்டவணையே பொருத்தம்: ரோல்பேக் ஆனால் எண்ணியின் அப்டேட்டும் சேர்ந்து ரோல்பேக் ஆகும், எண் வீணாகாது. ரத்தான பில்லை டெலீட் செய்யாமல், ரத்து என்ற நிலையைக் குறித்து வையுங்கள்.

தரவை இடம் மாற்றிய பின் சில கிளைகளில் மட்டும் மோதல் வருகிறது

போஸ்ட்கிரெஸுக்குப் பழைய தரவை எண்களோடு சேர்த்து ஏற்றினால், சீக்வென்ஸ் அதை அறியாது; 1 இலேயே நிற்கும். ஒற்றை பிரைமரி கீயாக இருந்தால் முதல் இன்செர்ட்டிலேயே பிழை வந்து உண்மை தெரிந்துவிடும். கூட்டு பிரைமரி கீயில் அப்படி இல்லை. சீக்வென்ஸ் 12 ஐக் கொடுக்கும்போது 3 ஆம் கிளையில் 12 இல்லையென்றால் பதிவு உள்ளே போய்விடும். 7 ஆம் கிளையில் 12 ஏற்கெனவே இருந்தால் மட்டும் மோதும். பிழை வந்தாலும் சீக்வென்ஸ் ஒன்று நகர்ந்துவிடுவதால், மீண்டும் மீண்டும் முயன்றால் ஒரு கட்டத்தில் வெற்றி கிடைக்கும். அது தானாகச் சரியாகிவிட்டது என்ற தவறான முடிவுக்கு வழிவகுக்கும். இதற்குள் பிற கிளைகளில் புதிய பில்கள் பழைய இடைவெளிகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

செட்வால் ஃபங்ஷனைக் கொண்டு சீக்வென்ஸை அட்டவணையின் பெரிய எண்ணுக்கு நகர்த்துங்கள். அதன் பிறகு, தரவு ஏற்றிய தேதிக்குப் பின் சேர்ந்த பதிவுகளில் சிறிய எண் பெற்றவை எவை என்று ஒரு வினவல் (குவெரி) எழுதிப் பாருங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணி அட்டவணை வைத்திருப்பவர்களும், தரவு ஏற்றியவுடன் ஒவ்வொரு கிளையின் கடைசி எண்ணையும் பில் அட்டவணையிலிருந்து கணக்கிட்டு நிரப்ப வேண்டும்.

சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் பழைய எண் மீண்டும் வருகிறது

மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இன்னோடிபி அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. மறுதொடக்கத்தின்போது அட்டவணையின் பெரிய எண்ணைப் பார்த்துத் தொடர்ந்தது. கடைசிப் பதிவுகளை நீக்கிவிட்டு சர்வரை மறுதொடக்கம் செய்தால் அந்த எண்கள் திரும்ப வரும். 2003 இல் 199 என்ற எண்ணில் பதிவான இந்தக் குறை 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. பதிப்பை உயர்த்துவதே வழி.

ஃபிரேம்வொர்க் ஏற்க மறுக்கிறது

லாராவெல் ஃபிரேம்வொர்க்கின் மைக்ரேஷனில் (அட்டவணையை உருவாக்கும் நிரல்) இன்கிரிமென்ட்ஸ் என்று எழுதினாலே அந்த நெடுவரிசை பிரைமரி கீ ஆகிவிடும். அதன் கீழே கூட்டு பிரைமரி கீயையும் எழுதினால், ஒன்றுக்கு மேற்பட்ட பிரைமரி கீ என்று பிழை 1068 வரும். அட்டவணைகளை நிரலோடு இணைக்கும் அதன் எலோக்வென்ட் பகுதி கூட்டு பிரைமரி கீயை ஆதரிப்பதும் இல்லை. ரெயில்ஸ் 7.1 இலும் ஜாங்கோ 5.2 இலும்தான் இந்த ஆதரவு வந்தது. ஃபிரேம்வொர்க்கோடு போராடுவதைவிட, ஒற்றை ஐடியை ஆட்டோ இன்கிரிமென்ட் பிரைமரி கீயாக வைத்து, கிளை, நிதியாண்டு, பில் எண் மூன்றுக்கும் ஒரு யுனீக் கட்டுப்பாடு போடுவதையே நான் தேர்வேன். ஐடி தரவுத்தளத்துக்கு, பில் எண் மனிதர்களுக்கு. ஒரே கிளையின் பதிவுகள் வட்டில் அருகருகே இருந்தால் வேகம் கூடும் என்று அளந்து கண்டவர்கள் மட்டும் இன்னோடிபியில் கிளையை முதலில் கொண்ட பிரைமரி கீயை வைத்துக்கொள்ளலாம்; அப்போது மற்ற ஒவ்வொரு இன்டெக்ஸும் அந்த நீண்ட கீயைச் சுமக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரியானதா என்று சோதிப்பது

இரண்டு இணைப்புகளைத் திறந்து, இரண்டிலும் டிரான்சாக்ஷனைத் தொடங்குங்கள். முதலாவதில் 7 ஆம் கிளைக்கு எண் எடுத்து, கமிட் செய்யாமல் நிறுத்துங்கள். இரண்டாவதில் அதே கிளைக்கு எண் கேட்டால் அது பதில் தராமல் காத்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தால் லாக் வேலை செய்யவில்லை. மூன்றாவதாக ஓர் இணைப்பில் 8 ஆம் கிளைக்குக் கேட்டால் உடனே கிடைக்க வேண்டும். இப்போது முதலாவதை ரோல்பேக் செய்யுங்கள். காத்திருந்த இரண்டாவது இணைப்புக்கு, முதலாவது எடுத்துத் திருப்பிய அதே எண் வர வேண்டும். இதே சோதனையை, ஒரு பில்லும் இல்லாத புதிய கிளை ஒன்றிலும் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள தரவுக்கு, கிளையும் நிதியாண்டும் வாரியாகத் தொகுத்து, பெரிய எண்ணும் பதிவுகளின் எண்ணிக்கையும் வேறுபடும் தொகுப்புகளை மட்டும் பட்டியலிடுங்கள்; அதில் வரும் ஒவ்வொரு வரியும் எண் விடுபட்ட ஒரு தொடரைக் காட்டும்.